ஆயுத பூஜைக்கு மட்டும் துடைக்கும் கருவி: ஆராய்ச்சி நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயர் வேண்டாம், ஒரு கல்லூரி. வேதியியல் துறையின் கடைசியில் ஒரு மூலை அறை. கதவைத் திறந்தால் ஏசி குளிர் வரவில்லை, பூட்டிக் கிடந்த அறையின் வாடைதான் வந்தது. நீலத் துணிக்கு அடியில் ஒரு ஹெச்.பி.எல்.சி. கருவி, கரைசலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டுவது. துணியை விலக்கினால் முன்பக்கத்தில் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தது. வருடம் தவறாமல் ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைக்கிறார்கள். அது ஓடி மூன்று வருடம் ஆகிறது. பம்பில் ஒரு சீல் போய்விட்டதாம். வாரன்ட்டி முடிந்துவிட்டது. வாங்கித் தந்த புராஜெக்டும் முடிந்துவிட்டது. சீலை மாற்ற யார் தலையில் செலவெழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

திட்ட வரைவு எழுதித் தருவதும், யூ.சி. (வந்த பணத்தைச் செலவழித்ததற்கான சான்று) கணக்கு சரிபார்ப்பதும்தான் என் பிழைப்பு. அதனால் இந்த மாதிரி அறைகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்: "ஃபண்டு இல்ல சார்." பொய் இல்லை. 2020-21 கணக்குப்படி இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காட்டைத்தான் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. அதே சமயத்தில் சீனா 2.4, தென்கொரியா 5ஐ ஒட்டி. ஆப்பிரிக்க ஒன்றியத்து நாடுகள் 1 விழுக்காடாவது ஒதுக்குவோம் என்று தீர்மானம் போட்டு எத்தனையோ வருடம் ஆகிறது, எட்டிய நாடு அரிது. ஆனால் அந்த மூலை அறைக்குப் பணம் வந்ததே! வந்த பணத்தில் வாங்கியதுதானே அங்கே போர்த்திக்கொண்டு தூங்குகிறது? ஆகவே பட்ஜெட்டைப் பற்றிப் புலம்புவதை இத்துடன் நிறுத்திக்கொண்டு, நம் கையால் நாமே செய்துகொள்ளும் தவறுகளைப் பார்க்கலாம்.

கருவி வந்தால் ஆராய்ச்சி வந்துவிடும் என்று நினைப்பது

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. ஏழை நாடுகளின் மருத்துவமனைகளில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளின் பட்டியலை வைத்து 2011இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 38.3 விழுக்காடு கருவிகள் வேலை செய்யாமல் கிடந்தன. உதிரிபாகம் கிடைக்காதது மட்டும் காரணமில்லை. பழக்கப்பட்ட ஆள் இல்லை, பராமரிக்க ஏற்பாடு இல்லை, மின்சாரமும் தண்ணீரும் சரியில்லை என்று போகிறது பட்டியல். ஆராய்ச்சிக்கூடங்களிலும் கதை இதேதான்.

கொட்டேஷனில் வருவது கருவியின் விலை மட்டும். அதற்கு யூ.பி.எஸ். தனி, ஏசி தனி. உள்ளே மாட்டும் காலம் (காலண்டர் காலம் இல்லை, மாதிரி ஓடும் எஃகுக் குழல்) சில நூறு ஓட்டத்துக்குப் பிறகு மாற்ற வேண்டும். கரைப்பான் சாதா ரகம் ஆகாது, அதற்கென்றே சுத்திகரித்தது வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஏ.எம்.சி. என்று வருடாவருடம் ஒரு தொகை. அப்புறம் கருவியை ஓட்டும் மென்பொருள், கூட வந்த அந்தப் பழைய விண்டோஸ் கணினியில் மட்டும்தான் வேலை செய்யும். கணினி செத்தால் கருவியும் செத்தது. இதையெல்லாம் "ரெக்கரிங்" (தொடர் செலவு) தலைப்பில் கேட்க வேண்டும். ஆனால் வரைவு எழுதுகிறவர் மனம் "நான்-ரெக்கரிங்" (ஒருமுறைச் செலவு) பக்கமே சாய்கிறது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட ஒரு பெட்டி வேண்டுமே! கரைப்பான் பாட்டிலுக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

வரி வேறு இருக்கிறது. அரசு உதவி பெறும் ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு இருந்த 5 விழுக்காட்டு ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலையில் விலக்கப்பட்டு 18 விழுக்காடு ஆனது. 40 லட்ச ரூபாய்க் கருவிக்கு 2 லட்சம் வரி என்று போட்டு அனுமதி வாங்கி வைத்தவர் 7 லட்சத்து 20 ஆயிரம் கட்ட வேண்டி வந்தது. நடுவில் விழுந்த 5 லட்சத்து 20 ஆயிரத்தை வேதிப்பொருள் வாங்க வைத்திருந்த தொகையிலிருந்துதான் எடுத்தார்கள். வரியைச் சட்டம் போட்டு மாற்றுகிறவர்கள் நம்மைக் கேட்டு மாற்றப்போவதில்லை. வரைவிலேயே கொஞ்சம் கைவசம் வைத்துக்கொள்வது ஒன்றுதான் நம்மால் ஆவது.

மார்ச் 31ஐச் சொல்லாமல் விட முடியாது. ஏப்ரலில் வர வேண்டிய தவணை பிப்ரவரியில் வரும். மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பப் போய்விடும், யூ.சி. அனுப்பாவிட்டால் அடுத்த தவணை வராது. அந்த ஆறு வாரத்தில் தேவையானதை யாரும் வாங்குவதில்லை, ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்தில் சீக்கிரம் கிடைப்பதை வாங்குகிறார்கள். 2025 ஜூனில் மத்திய அரசு இதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது: ஆராய்ச்சி நிறுவனத் தலைவர்கள் தேவைப்பட்டால் ஜெம்முக்கு வெளியேயும் வாங்கலாம். நல்லது. ஆனாலும் எது தேவை என்ற பட்டியல் டிசம்பரிலேயே மேசையில் இல்லாவிட்டால் எந்தத் தளர்வும் உதவாது.

நான் யாருக்கும் முதலில் சொல்வது: வாங்காதீர்கள். ஐந்தாறு வருடத்தில் உங்களுக்கு எத்தனை மாதிரி வரும் என்று எண்ணிப் பாருங்கள். வருடத்துக்கு இருநூறு என்றால் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கும் சைஃப் மாதிரியான பொதுக் கருவி மையத்துக்கு அனுப்பிவிடலாம், கட்டணம் கட்டினால் ஓட்டித் தருவார்கள். எந்தக் கருவி எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று தேட ஐ-ஸ்டெம் என்று அரசின் இணையதளமே இருக்கிறது. பக்கத்துக் கல்லூரியில் இருப்பதையே நாமும் வாங்குவதற்குப் பெயர் ஆராய்ச்சி வசதி இல்லை, பங்காளிப் போட்டி.

கேள்வியையும் கடன் வாங்குவது

எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது.

1990இல் உடல்நல ஆராய்ச்சி பற்றிய ஒரு சர்வதேச ஆணையம் அறிக்கை கொடுத்தது. உலகின் தடுக்கக்கூடிய மரணச் சுமையில் 93 விழுக்காடு வளரும் நாடுகளில் இருக்கிறது, அந்த நாடுகளின் பிரச்சினைகளுக்காக உலகம் செலவிடும் ஆராய்ச்சிப் பணமோ சுமார் 5 விழுக்காடுதான் என்றது அந்தக் கணக்கு. பணக்கார நாடுகள் தங்கள் நோயை ஆராய்கின்றன, அதில் குற்றமில்லை. நாமும் அவர்கள் நோயையே ஆராய்ந்தால் நம் நோயை யார் ஆராய்வது? எங்கே பெரிய ஜர்னல் இருக்கிறதோ அங்கே சூடாக ஓடும் தலைப்பை எடுத்து, இங்கே இருக்கும் பாதி வசதியோடு, இரண்டு வருடம் தாமதமாகச் செய்கிறோம். அந்தப் பந்தயத்தில் ஜெயிக்கவே முடியாது.

இதற்கு மறுபக்கத் தவறு ஒன்றும் உண்டு, அதைச் சொன்னால் நண்பர்கள் கோபிப்பார்கள். "உள்ளூர் ஆராய்ச்சி" என்றதும் ஓர் இலையைப் பறித்து, சாறு எடுத்து, கிருமி வளர்க்கும் அகர் தட்டில் குழி வெட்டி ஊற்றி, மறுநாள் காலையில் கிருமி வளராத வட்டத்தை அடிஸ்கேலால் அளப்பது. துளசி, வேம்பு, ஆடாதோடை என்று ஒரு சுற்று வந்தாயிற்று. இப்போது அதே இலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள் தயாரிக்கிறார்கள். கரைசல் மஞ்சளிலிருந்து பழுப்பாக மாறினால் பேப்பர் ரெடி. அந்த வட்டத்திலிருந்து ஒரு மாத்திரைக்குப் போகும் வழியை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். இலை உள்ளூர்தான், கேள்வி எந்த ஊரிலும் இல்லாதது.

சரி, உள்ளூர்க் கேள்வி எப்படி இருக்கும்? 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு எல்லாம் சேர்ந்து நடத்தியது. அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். தாம்பரம் பக்கம் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் சொற்பம். இன்னும் படுக்கை கொடுங்கள் என்று மனு எழுதுவதோடு அவர்கள் நிற்கவில்லை. படுக்கை இல்லாமலே குணமாக்க முடியாதா என்று கேட்டார்கள். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், மறுபாதிக்கு வீட்டிலேயே மருந்து. ஒரு வருடம், ஒரே மருந்துகள். வீட்டில் இருந்தவர்கள் சாப்பாடும் ஓய்வும் குறைவாக, நெருக்கடியான ஒற்றை அறையில் இருந்தவர்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாக்கியது, வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்று கூடிவிடவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியானதில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

1971இல் வங்க எல்லையில் பன்கான் அகதி முகாமிலும் இதேதான். காலரா. ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துகொண்டிருந்தது, ஊசி குத்த ஆள் இல்லை. உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால் உடல் ஏற்கும் என்று சில வருடம் முன்பே டாக்கா, கல்கத்தா ஆய்வுக்கூடங்களில் பார்த்திருந்தார்கள். மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அதை முகாமுக்கே கொண்டுபோனார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கல்கத்தாவில் எடைபோட்டு, பாலிதீன் உறையில் கொட்டி, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஓரத்தை ஒட்டி, மூட்டையாக அனுப்பினார்கள். கொடுத்தவர்கள் நோயாளிகளின் அம்மாக்களும் அண்ணன் தம்பிகளும். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே வந்தது. அந்த அனுபவத்தை எழுதிய கட்டுரை உடனே எங்கும் வந்துவிடவில்லை, 1973இல்தான் அச்சேறியது.

இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். எது இல்லையோ அதையே கேள்வியாக்கினார்கள். படுக்கை இல்லை, சலைன் இல்லை. திட்ட வரைவில் "முன்னுரிமைகள்" என்று ஒரு தலைப்பும் "தடைகள்" என்று ஒரு தலைப்பும் தனித்தனியாக வரும். என்னிடம் வருகிறவர்களை நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்கிறேன். பல சமயம் தடைப் பட்டியலில் மூன்றாவதாக எழுதியிருப்பதுதான் முதல் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய கேள்வி.

கேள்வி உள்ளூரில் பிறந்தால் விடையும் உள்ளூரிலேயே இருக்க வேண்டும் என்றில்லை. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. இரண்டே வருடத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளைப் பூசணம் பிடித்த மாதிரி ஆகிவிட்டன. மருந்தடித்தால் அதன் மெழுகுப் போர்வையைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை. 2010 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தார்கள். பெங்களூரில் பெருக்கி, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வழியாக வயல்களில் விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவி சில மாதத்தில் வேலையை முடித்தது. விவசாயிக்கு ஒரு பைசா செலவில்லை. நாடு விட்டு நாடு கடிதப் போக்குவரத்து, தனிமைப்படுத்தி வைத்துச் சோதிக்கும் கூடம், பெருக்கத் தெரிந்த ஆட்கள் இவையெல்லாம் முன்பே இருந்ததால்தான் அந்த வேகம்.

பட்டியலை நம்பிப் பேப்பர் போடுவது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் தெரிந்த கதை. முனைவர் பட்டத்துக்குப் பேப்பர் கட்டாயம் என்றார்கள், பணம் வாங்கிப் போடும் ஜர்னல்கள் முளைத்தன. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. ஏற்கத்தக்க ஜர்னல்களுக்கு ஒரு பட்டியல் போட்டது, 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 ஜர்னல்களை அதுவே நீக்கியது. 2019இல் அதற்குப் பதிலாகக் கேர் என்று இன்னொரு பட்டியல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதுவும் போயிற்று. இடையில் 2022இல் பேப்பர் கட்டாயம் என்பதையே யு.ஜி.சி. எடுத்துவிட்டது. பல கல்லூரிகளில் இன்னும் பழைய பழக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டியல் வரும், போகும். அந்த ஜர்னலில் கடைசியாக வந்த பத்துப் பேப்பரை உட்கார்ந்து படித்தால் அரை நாளில் தெரிந்துவிடும். மூன்று நாளில் ஏற்றுக்கொண்டோம் என்று மின்னஞ்சல் வந்தால் படிக்கவே வேண்டாம்.

மறுபக்கம் பெரிய ஜர்னல்களின் கட்டணம். நேச்சர் 2021இல் திறந்த வெளியீட்டுக்கு (எழுதியவர் பணம் கட்டுவார், யாரும் காசில்லாமல் படிக்கலாம்) கட்டணம் வைத்தபோது 9,500 யூரோ, அப்போதைய மதிப்பில் எட்டு லட்சத்துக்கு மேல். இப்போது மாதம் 37,000 ரூபாய் வாங்கும் ஜே.ஆர்.எஃப். மாணவருக்கு அது கிட்டத்தட்ட இரண்டு வருட உதவித்தொகை. இங்கே நடக்கும் தவறு எளிமையானது: கட்டணத் தள்ளுபடி கேட்பதே இல்லை. கேட்டால் குறைக்கும் பதிப்பகங்கள் உண்டு. ஆனால் பேப்பரைச் சமர்ப்பிக்கும்போதே கேட்க வேண்டும், ஏற்ற பிறகு கேட்டால் கதவு மூடியிருக்கும். படிப்பதற்கு 2025 ஜனவரியிலிருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஜர்னல்கள். முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியார் கல்லூரிக்காரர்கள் கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் மறுநாளே அனுப்பிவிடுவார்கள்.

மாதிரியை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது

வெளிநாட்டுப் பேராசிரியர் வருகிறார், சந்தன மாலை, பொன்னாடை, குரூப் போட்டோ. போகும்போது ரத்த மாதிரியோ மண்ணோ விதையோ கொண்டுபோகிறார். இரண்டு வருடம் கழித்துப் பேப்பர் வருகிறது, நம் ஆள் பெயர் பதினான்காவது. கோபப்பட்டு என்ன செய்ய? அனுப்பும்போது காகிதத்தில் என்ன எழுதினோம் என்பதுதான் கேள்வி.

2007இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளைத் தர முடியாது என்று நிறுத்தியது. தாங்கள் கொடுத்த மாதிரியிலிருந்து பணக்கார நாட்டு நிறுவனம் தடுப்பூசி செய்யும், அதைத் தாங்களே வாங்க முடியாத விலையில் விற்கும், இது என்ன நியாயம் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபாடிலா சுபாரி கேட்டார். உலகமே பதறியது. நான்கு வருடப் பேச்சுக்குப் பிறகு 2011இல் உலக சுகாதார நிறுவனத்தில் வைரஸைப் பகிர்வதற்கும் பலனைப் பகிர்வதற்கும் சேர்த்து ஒரு ஒப்பந்தம் வந்தது. ஒரு நாடே சண்டை போட்டு வாங்கியதை ஒரு கல்லூரி சண்டை போட்டு வாங்க முடியாது. ஆனால் எதற்குப் பயன்படுத்தலாம், மிச்சம் யாரிடம் இருக்கும், பேப்பரில் யார் பெயர் எங்கே வரும், நம் மாணவர் யாராவது அங்கே போய்ப் பழகுவாரா என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்க முடியும். உயிரியல் வளம் என்றால் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்க்காமல் ஒரு விதையைக்கூட வெளிநாட்டுக் கூரியரில் போடாதீர்கள். மனித மாதிரி என்றால் அதற்கு வேறு வழி, வேறு குழு. இரண்டுக்கும் மாதங்கள் ஆகும். பேராசிரியர் விமானம் ஏறும் முந்தின நாள் தொடங்கும் வேலை இல்லை.

கையெழுத்து வாங்கினால் போதும் என்பது

2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பெண் குழந்தைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டுப் பார்க்கும் திட்டம் நடந்தது. ஏழு சிறுமிகள் இறந்ததாகச் செய்தி வந்து 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. தடுப்பூசிதான் காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனால் ஒப்புதல் படிவங்களைப் பிரித்துப் பார்த்தபோது பலவற்றில் பெற்றோர் கையெழுத்து இல்லை. விடுதி வார்டன்கள் போட்டிருந்தார்கள். நல்ல தடுப்பூசி ஒன்றின் மேல் இந்த நாட்டில் பல வருடங்களுக்குச் சந்தேகம் படிந்ததற்கு அந்தக் கையெழுத்துகளும் ஒரு காரணம்.

நான் பார்க்கும் தமிழ்ப் படிவங்களில் "தன்னிச்சையான பங்கேற்பாளராகிய தாங்கள்" என்று ஆரம்பித்து ஆறு பக்கம் ஓடும். கிராமத்தில் அதை யாரும் படிப்பதில்லை. களப்பணியாளர் பெருக்கல் குறி போட்ட இடத்தைக் காட்டுவார், அந்த அம்மா கைநாட்டு வைப்பார். ஒருமுறை ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "ரேஷன் கார்டுல பேரு சேக்கறதுக்குத் தானப்பா இது?" படிவத்தை முதலில் உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரிடமோ சொந்தத்தில் ஒரு பெரியம்மாவிடமோ வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நெறிமுறைக் குழுவுக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

ஆள் போனால் எல்லாம் போவது

குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவேக் தடுப்பூசிக்கு ஆதாரமான வைரஸ் வகை டெல்லி எய்ம்ஸில் 1985-86இல் பச்சைக் குழந்தைகளிடமிருந்து எடுத்தது. டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்து, அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது 2016இல். முப்பது வருடம். அந்த முப்பது வருடத்தில் எத்தனை மாணவர்கள் வந்து போயிருப்பார்கள், எத்தனை முறை மின்சாரம் போயிருக்கும்? அந்த வைரஸ் குப்பி எங்கே, எந்த டப்பாவில் இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

நம்மிடம் புராஜெக்ட் மூன்று வருடம். உதவித்தொகை நாலு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வருவதைப் பெரிய விஷயமாக யாரும் பேசுவதில்லை, மாணவர் வாடகைக்குக் கடன் வாங்குகிறார். கருவியின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் டெக்னீஷியன் தற்காலிக ஊழியர், வேறு இடத்தில் ஐயாயிரம் கூடக் கிடைத்தால் போய்விடுவார். திட்ட வரைவில் பேராசிரியரின் வாழ்க்கைக் குறிப்பு எட்டுப் பக்கம் இருக்கும், டெக்னீஷியனுக்கு ஒரு வரி. அந்த மூலை அறை ஹெச்.பி.எல்.சி.யையும் முன்பு ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தாராம். சீலை அவரே மாற்றிவிடுவாராம்.

சென்ற வருடம் இன்னொரு இடத்தில் மைனஸ் 80 ஃப்ரீசரைச் சுத்தம் செய்யும்போது கூட இருந்தேன். முந்நூறுக்கு மேல் சின்னக் குழாய்கள். சாதா மார்க்கர் பேனாவில் எழுதியவை, பனி துடைத்ததும் எழுத்தும் சேர்ந்து போய்விட்டது. மிஞ்சியதில் "எம்-3 புதுசு" என்று ஒன்று. எழுதிய பெண் இப்போது கனடாவில். பட்டியல் அவருடைய சொந்த ஜிமெயிலில் இருந்தது, கடவுச்சொல் நினைவில்லை என்று பதில் போட்டார். குளிரில் உரியாத லேபிள் ஒரு சுருள் சில ஆயிரம் ரூபாய்தான். பதிவேட்டை நிறுவனத்தின் கணக்கில் வைத்து, இரண்டு பேரிடம் சாவி கொடுத்து, மாணவர் நோ-டியூஸ் வாங்க வரும்போது நூலகப் புத்தகத்தோடு குழாய்க் கணக்கையும் சேர்த்து ஒப்படைக்கச் சொன்னால் போதும்.